பத்தொன்பது துணி, தொண்ணூற்றைந்து சிப்பாய்

1944 நவம்பர் 12, ஞாயிறு

நெவியாவுக்கு இன்று எட்டு மாதம் முடிந்தது. நேற்று இருமினாள். இன்று இருமவில்லை. ஏன் இருமவில்லை? நெஞ்சுக்குள் இறங்கிவிட்டதா? தூரின் பல்கலைக்கழகம் போய் லத்தீனில் பட்டம் வாங்கினேன். நாலு வருஷப் படிப்பில் குழந்தை இருமலைப் பற்றி ஒரு வரி கிடையாது.

என் கணவர் ஒரெஸ்தே பாசிஸ்டுகளை எதிர்த்து மலைக்குப் போய் ஏழு மாதம். ஊரில் கணக்கு வாத்தியார்; மலையில், அவரையும் சேர்த்து முப்பத்தெட்டுப் பேருள்ள படைக்குத் தலைவர். பிடிபட்டால் வீட்டார் மாட்டக் கூடாது என்பதற்காக அங்கே ஆளுக்கொரு போர்ப்பெயர். இவருடையது 'மின்னல்'. வீட்டில் மூக்குக்கண்ணாடியைத் தேடவே மின்னலுக்கு அரை மணி நேரமாகும். பெயரை அவரவரே வைத்துக்கொள்வதால் 'ஓநாய்' என்று இரண்டு பேர் வைத்துக்கொண்டார்கள். இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. இப்போது ஒருவன் ஓநாய், மற்றவன் 'இன்னொரு ஓநாய்'.

எனக்கும் வேலை உண்டு. வீட்டுக்குப் பின்னால் கட்டிய துணிக்கயிறு மலையிலிருந்து பைனாகுலரில் நன்றாகத் தெரியும். படுக்கை விரிப்பு காய்ந்தால் ஊரில் எதிரி இல்லை. குழந்தையின் இடுப்புத் துணி காய்ந்தால், துணி ஒன்றுக்கு ஐந்து சிப்பாய். பார்த்துவிட்டோம் என்பதற்கு மேலிருந்து சவரக் கண்ணாடியை ஒரு தரம் வெயிலில் மினுக்குவார்கள். இந்தக் கணக்கை யோசித்தவர் ஒரெஸ்தே. ஒரு குழந்தைக்கு ஒரு நாளைக்கு எத்தனை துணி ஆகும் என்று அவர் கேட்கவுமில்லை, அவருக்குத் தெரியவுமில்லை. நிஜத் துணிகளை நான் அடுப்பு மேல் காயப் போட்டுக் குடும்பம் நடத்துகிறேன். வீடு முழுக்க அந்த வாசனைதான்.

நவம்பர் 19

இருமினாள். அப்பாடா.

நவம்பர் 27, திங்கள்

பக்கத்தில் ஒயின் கடை வைத்திருக்கும் எர்மெலிந்தா அக்கா நேற்று என்னைக் கேட்காமல் நெவியாவுக்கு இரண்டு கரண்டி அவரைக்கொட்டை சூப் ஊட்டிவிட்டாள். ராத்திரி முழுக்க போனாள், போனாள், போய்க்கொண்டே இருந்தாள். காலையில் அவளை மடியில் போட்டபடி நாற்காலியிலேயே தூங்கிவிட்டேன். விழித்தபோது மணி பதினொன்று. வாளி காலி.

"அக்கா, துணியெல்லாம் எங்க?"

"திங்கக்கிழமை ஊரே துவைக்குது, நீ தூங்குற. பாவம் பச்சப்புள்ளக்காரினு நானே அலசிக் கட்டிட்டேன். நல்ல வெயில்டி."

பின்கட்டுக்கு ஓடினேன். கயிற்றில் பத்தொன்பது. நான் பார்க்கும்போதே மலையில் கண்ணாடி ஒரு தரம் மினுங்கியது. பத்தொன்பதைந்து தொண்ணூற்றைந்து. கடவுளே, என்ன பண்ணப் போறாங்க அங்க?

டிசம்பர் 5

என்ன பண்ணினார்கள் என்று இன்று தெரிந்தது. மாவு வாங்க இன்னொரு ஓநாய் கீழே வந்தான். இருபது வயது. மலைக்கு வருமுன் தபால்காரன்.

"தொண்ணூத்தஞ்சு பேருன்னதும் அண்ணன் முகாமையே கலைச்சுட்டாரு அண்ணி. மதியத்துக்கு மேல புடிச்ச மழையில மேல் கணவாய்க்கு நாலு மணி நேரம் ஏறினோம். அடுப்புல கொதிச்ச களியக்கூட விட்டுட்டுப் போனோம். கடைசியில ஒருத்தனும் வரல, பாப்பாவுக்கு வயித்தாலன்னு சேதிதான் வந்துச்சு. கழுதை மட்டும் வர மாட்டேன்னு உக்காந்துக்கிச்சு. அதுக்கு விஷயம் தெரிஞ்சிருக்கு."

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்களிடம் 'குறை சொல்லும் மணி' என்று ஒன்று உண்டு. யார் வேண்டுமானாலும் தலைவரைப் பற்றி எதை வேண்டுமானாலும் சொல்லலாம். எல்லாரும் முடிக்கும்வரை தலைவர் வாய் திறக்கக் கூடாது. போன ஞாயிறு அந்த ஒரு மணி, மூன்று மணியாக நீண்டதாம்.

"என்னதான் சொன்னாங்க?"

"வேணாம் அண்ணி."

"சொல்லு தம்பி."

"பீத்துணியப் பாத்து ஓடின ஒரே படை நாமதான்னு ஓநாய் சொன்னான். நான் சொல்லல."

இனி துணியை நம்புவதில்லை என்று கைதூக்கித் தீர்மானம் போட்டிருக்கிறார்கள். அது சிரிப்பில்லை. நிஜமாகவே வந்தால்? நான் வேறு எதைக் காயப் போடுவது?

டிசம்பர் 24

பல் ஒன்று. கீழ் வரிசை. பார்க்க வேண்டியவர் மலையில்.

1945 ஜனவரி 16

மூன்று நாளாக எழுத முடியவில்லை. வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

ஞாயிறு காலை பாசிஸ்ட் கருஞ்சட்டைக்காரர்கள் லாரிகளில் வந்து இறங்கினார்கள். எர்மெலிந்தா அக்கா முகம் வெளுத்து ஓடிவந்தாள். "அறுபத்தஞ்சு முட்டை அவிக்கச் சொல்றான்டி, ஆளுக்கொண்ணு. நாளைக்கு விடியறதுக்குள்ள வேணுமாம். கஷ்கொட்டை உலர்த்துற குடிசைக்கு எந்தப் பாதைன்னு வேற கேக்குறான்."

அந்தக் குடிசையில்தான் அவர்கள் முப்பத்தெட்டுப் பேரும் இருந்தார்கள்.

சரியாகப் பதிமூன்று துணி கட்டினேன். பளீரென்று வெயில். காத்திருந்தேன். கண்ணாடி மினுங்கவில்லை. அவிழ்த்து மறுபடி கட்டினேன். மினுங்கவில்லை. காவலுக்கு இருந்த ஓநாய் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறான். "பாப்பாவுக்கு மறுபடி வயித்தால போகுது போல" என்று சொல்லிச் சிரித்தானாம். இது பிறகு தெரிந்தது.

வேறு வழி? நெவியாவை முதுகில் கட்டினேன். மூன்று கம்பளி. இரண்டு தொப்பி. வேர்த்துவிடுமோ என்று ஒரு தொப்பியைக் கழற்றினேன். குளிருமோ என்று மறுபடி போட்டேன். பாலத்தருகே ஒரு சார்ஜெண்ட் மறித்தான்.

"இந்தப் பனியில எங்கம்மா கிளம்பிட்ட?"

"மேல அத்தை வீட்டுக்கு. ஆட்டுப்பால் வாங்க."

"கட்ட அவுரு. உள்ள என்ன இருக்குன்னு பாக்கணும்."

"பாருங்க சார். இப்பத்தான் போயிருக்கா."

குனிந்தான். நெவியா அவனைப் பார்த்துச் சிரித்தபடி மீதியையும் முடித்தாள். ஆயுதம் ஏந்திய ஓர் ஆண்பிள்ளை அத்தனை வேகமாகப் பின்வாங்கி நான் பார்த்ததில்லை.

"போ, போ. வர்றப்ப வேற பாதையில வா."

இரண்டரை மணி நேரம் ஏறினேன். முட்டளவு பனி. குழந்தை மூச்சு விடுகிறதா என்று இருபது அடிக்கு ஒரு தரம் நின்று பார்த்தேன். ஒவ்வொரு தரமும் விட்டது.

குடிசைக்குள் குறை சொல்லும் மணி நடந்துகொண்டிருந்தது. ஒரெஸ்தே ஒரு மூலையில், பேச அனுமதியில்லாமல், கைகட்டி நின்றார். "அறுபத்தஞ்சு பேர் வர்றாங்க" என்றேன். இன்னொரு ஓநாய் கையில் காகிதத்தோடு எழுந்தான்.

"அண்ணி, பேசணும்னா கைதூக்கிப் பேரு குடுக்கணும். உங்களுக்கு முன்னால அஞ்சு பேரு இருக்காங்க."

எனக்கு என்ன வந்ததென்று தெரியவில்லை. நாலு வருஷ லத்தீனும் எங்கோ போயிற்று. "எந்திரிங்கடா எல்லாரும்" என்று கத்தினேன். "பூட்ஸ மாட்டு. நீ, மூக்கத் தொடச்சிக்கோ. அடுப்ப அணை. ஈரத் துணிய எவனும் மேல போடாத, சளி புடிக்கும். ரெண்டு ரெண்டு பேரா நில்லு, நான் எண்ணணும்."

எழுந்தார்கள். முப்பத்தெட்டுப் பேரும். ஓநாய் மூக்கைத் துடைத்துக்கொண்டான். வாசலில் எண்ணினேன், கணவாயில் எண்ணினேன், மறுபக்கம் இறங்கியதும் இன்னொரு தரம் எண்ணினேன். கழுதையையும். இந்தத் தடவை அது உட்காரவில்லை.

திங்கள் விடியலில் அவர்கள் வந்து குடிசையைக் கொளுத்தினார்கள். உள்ளே யாரும் இல்லை.

ஜனவரி 21, ஞாயிறு

நான் ஊருக்குத் திரும்ப முடியாது. வீட்டைச் சோதனை போட்டுவிட்டார்கள். ஆட்டுப்பால் எங்கே என்று அந்த சார்ஜெண்ட் எர்மெலிந்தா அக்காவிடம் கேட்டானாம். கணவாய்க்கு இந்தப் பக்கம் ஒரு சிற்றூரில், மாதா கோயில் சாமியார் கொடுத்த அறையில் இருக்கிறோம்.

இன்று தலைவர் தேர்தல். ஒரெஸ்தேக்கு ஒரு தொப்பி, எனக்கு ஒரு தொப்பி. ஆளுக்கு ஒரு கஷ்கொட்டை. பிடித்த தொப்பியில் போட வேண்டும். நான் வேண்டாம் என்றேன். "தோழர் பேர் குடுக்காம பேசுறாங்க" என்றான் இன்னொரு ஓநாய்.

எனக்கு முப்பத்துமூன்று. அவருக்கு நான்கு. ஒன்று குறைந்தது. சமையல்காரன் வாயை மூடிக்கொண்டு மென்றுகொண்டிருந்தான்.

"எனக்கு பயமா இருக்கு" என்றேன் ஒரெஸ்தேயிடம். "எல்லாத்துக்கும் பயப்படுவேன்னு உங்களுக்கே தெரியும்."

"அதுக்குத்தான் போட்டேன். முன்னால நடக்கிறப்ப நான் யாரையும் திரும்பிக்கூடப் பாத்ததில்ல, டெல்ஃபினா. நீ மூணு தரம் எண்ணின."

பிப்ரவரி 8

மேலிடத்திலிருந்து கடிதங்கள் இன்னும் 'தலைவர் மின்னலுக்கு' என்றுதான் வருகின்றன. ஆகவே மின்னல் இனி நான்தானாம். ஒரெஸ்தேக்குப் பெயர் இல்லாமல் போய்விட்டது. பையன்கள் 'மின்னல் வீட்டுக்காரர்' என்கிறார்கள். அவர் திரும்பியும் பார்க்கிறார்.

என் முதல் உத்தரவு: எல்லா உடையையும் கொதிக்கவைத்துப் பேன் ஒழிப்பது. புரட்சியே வந்துவிடும் போலிருந்தது.

இரண்டாவது உத்தரவை யாரிடமும் விளக்கவில்லை. ஒரெஸ்தேயை எதிர்ச்சரிவுப் பிரிவுக்கு அனுப்பினேன். அம்மாவும் அப்பாவும் ஒரே இடத்தில் இருக்கக் கூடாது. ஏதாவது நடந்தால் நெவியாவுக்கு ஒருவராவது வேண்டும். அவர் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்துக்கொண்டு போனார்.

மார்ச் 12

ஒரு வயது. ஓநாய் பாலில் கஷ்கொட்டை மாவு குழைத்து ஊட்டினான். நான் தடுக்கவில்லை. இப்போது தூங்காமல் உட்கார்ந்திருக்கிறேன்.

மார்ச் 30

பாலத்துக்கு ஒன்பது பேரை அனுப்பினேன். ஒன்பது பேரும் வந்தார்கள். அவர்கள் வந்த பிறகுதான் எனக்குக் காய்ச்சல் வந்தது.

ஏப்ரல் 24

நகரத்துக்கு இறங்கத் தயாராக இருக்கும்படி உத்தரவு. எல்லாரும் சவரம் செய்கிறார்கள். முடிந்துவிடும் என்கிறார்கள். நான் இன்னும் எண்ணிக்கொண்டுதான் இருக்கிறேன்.

எதிர்ச்சரிவுப் பிரிவு மதியம் வந்து சேர்ந்தது. நெவியா ஓநாய் தோளில் இருந்தாள். இன்னொரு ஓநாயிடம் தாவினாள். சமையல்காரனிடம் தாவினாள். ஒரெஸ்தே கை நீட்டியதும் வீறிட்டு அழுதாள். அவர் கையை மெல்ல மடக்கிக்கொண்டு பொருள்களை இறக்கப் போய்விட்டார்.

ஒரு மணி நேரம் கழித்து அறை வாசலில் வந்து நின்றார். தொப்பி கையில். விடுப்பு வேண்டுபவர் எழுத்தில் கேட்க வேண்டும் என்பது அவர் தலைவராக இருந்தபோது போட்ட விதி. காகிதத்தை நீட்டினார். வாத்தியார் கையெழுத்து, கோடு போட்டதுபோல.

விண்ணப்பிப்பவர்: ஒரெஸ்தே. காரணம்: மகளிடம் நான் யார் என்று சொல்ல. எத்தனை நாள் என்ற இடத்தில் 'ஒரு மணி நேரம்' என்று எழுதி, மேலே இருந்த 'நாள்' என்பதை அடித்திருந்தார்.

அந்த ஒரு மணி நேரத்தையும் அடித்தேன். பதிலாக எந்தக் கெடுவும் எழுதவில்லை. கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.