பெயர் கூப்பிடும் திரை

3 நவம்பர் 2025, திங்கள்

தோட்ட ஆபீஸில் கழித்துப் போட்ட ஆறு கம்ப்யூட்டர்களும் என் கைக்கு வந்துவிட்டன. புது விண்டோஸ் இதில் ஏறாதாம். பழைய இரும்புக்குப் போடச் சொல்லியிருந்தார் மேனேஜர். கேட்டேன், கொடுத்துவிட்டார். பதினெட்டு வருஷம் இங்கே கணக்கெழுதிக் கிராணி வேலை பார்த்தவள் இதுகூடக் கேட்கக் கூடாதா?

லினக்ஸ் போடப் போகிறேன். இலவசம். உள்ளே இயங்குவது ஒன்றுதான் என்றாலும், கண்ணுக்குத் தெரியும் முகப்பை நாமே தேர்ந்தெடுக்கலாம். பத்துப் பன்னிரண்டு வகை இருக்கிறது. சேலைக் கடைக்குள் நுழைந்த மாதிரி திணறுகிறேன்.

5 நவம்பர், புதன்

கம்ப்யூட்டர் வகுப்பு நடத்தத் தோட்டத்து மண்டபத்துப் பின்னறை கிடைத்தது. மண்டபச் செயலாளர் ரவிச்சந்திரன் சாவியோடு ஒரு நிபந்தனையும் கொடுத்தார். தோட்டத்துப் பெண்கள் ஆறு பேர் மோட்டார் சைக்கிள் லைசென்சுக்கு உண்டாங் பரீட்சை எழுதக் காத்திருக்கிறார்கள். சாலை விதிக் கேள்விகள், எல்லாம் கம்ப்யூட்டரில். டிசம்பர் பத்துக்குள் ஒருவராவது பாஸ் பண்ணினால் அறை எங்களுக்கு. இல்லையென்றால் கல்யாண நாற்காலிகளுக்கு.

அந்த ஆறு பேரில் தாயம்மா அக்கா இரண்டு தடவை போய்த் தோற்றவர். செம்பனை நாற்றுப் பண்ணையில் வேலை. விதியெல்லாம் தலைகீழாகச் சொல்லுவார், மௌஸைத் தொட்டால்தான் கை நடுங்கும். கோலா பிலாவில் ஒரு கேண்டீன் வேலை அவருக்காகக் காத்திருக்கிறது. விடியற்காலையில் போக பஸ் கிடையாது. லைசென்ஸ் வந்தால்தான் வேலை.

7 நவம்பர், வெள்ளி

க்னோம் என்கிற முகப்புதான். முடிவு பண்ணியாச்சு. பட்டன், படம் எதுவும் வெளியே தெரியாமல் எல்லாவற்றையும் மறைத்து, ஒரு மலைப்படம் மட்டும் வைத்தேன். சிரம்பானில் எந்த ஆபீஸிலும் இந்த அழகு இருக்காது.

9 நவம்பர், ஞாயிறு

ஆறு பேரும் வந்து உட்கார்ந்தார்கள். ஒயர் வாங்கக் கடைக்குப் போய் முக்கால் மணி நேரம் கழித்து வருகிறேன் — ஒருவரும் ஒன்றையும் தொடவில்லை. கையை மடியில் வைத்து மலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ரவிச்சந்திரன் எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்.

எனக்கு வந்ததே கோபம். ஆர்வமே இல்லையா, நான் என்ன வேல வெட்டி இல்லாமலா இதச் செய்றேன்னு கத்திட்டேன். இப்ப வெக்கமா இருக்கு. தாயம்மா அக்கா செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

10 நவம்பர், திங்கள்

மழை. யாரோடும் பேசப் பிடிக்கவில்லை.

11 நவம்பர், செவ்வாய்

காலைப் பெரட்டு, வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் நேரம். வேலையை மேற்பார்க்கும் மண்டோர் சன்னாசி பெயர் கூப்பிடக் கூப்பிட, ஒவ்வொருவராக வரிசையை விட்டு வேலைக்காட்டுக்குப் போனார்கள். கூப்பிடும்வரை ஒரு ஆள் அசையவில்லை. தினமும் பார்ப்பதுதான். இன்றைக்கென்று ஏதோ உறுத்தியது. தாயம்மா அக்காவைத் தனியே நிறுத்தி, ஞாயிற்றுக்கிழமை ஏன் சும்மா இருந்தீர்கள் என்று கேட்டேன்.

“நீ ஒண்ணும் சொல்லாம போயிட்ட, வள்ளி. திரையும் வெறுமனே இருந்துச்சு. கூப்பிடும்னு உக்காந்திருந்தோம்லா.”

முப்பது வருஷமாகப் பெயர் கூப்பிட்ட பிறகே காலெடுத்து வைத்தவர்கள். அவர்கள் முன்னால் வெறும் மலையை வைத்துவிட்டு ஆர்வம் இல்லை என்று கத்தியிருக்கிறேன். என் அம்மாவும் இதே வரிசையில் நின்றவள்தானே? மன்னிப்புக் கேட்டேன். போ போ, மண்டோர் பாக்குறாரு என்றார்.

13 நவம்பர், வியாழன்

க்னோமைத் தூக்கிவிட்டு எக்ஸ்எஃப்சிஇ என்ற வேறு முகப்பைப் போட்டேன். பார்க்கச் சுமார்தான். ஆனால் பழைய மெஷினில் பறக்கிறது, எதையும் ஒளிப்பதில்லை. திறந்ததும் ஆறு பெயரும் தமிழில் வரும். தன் பெயரைத் தட்டினால் உள்ளே போகலாம். அடியில் ஒரு பட்டை, அதில் மூன்றே படம்: கேள்வி, தட்டெழுத்து, மூடு. முகப்பு என்றால் இதுதான்!

16 நவம்பர், ஞாயிறு

திரையில் தன் பெயரைப் பார்த்ததும் தாயம்மா அக்கா “இருக்கேன்” என்றார், பெரட்டில் சொல்கிற மாதிரியே. எல்லோரும் சிரித்தோம். பிறகு தட்டினார். மௌஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டுதான். ஆனால் தட்டினார்.

30 நவம்பர், ஞாயிறு

பயிற்சிப் பரீட்சையில், ஐம்பது கேள்விக்கு அக்காவுக்கு நாற்பத்தெட்டு. கை நடுங்கவில்லை.

9 டிசம்பர், செவ்வாய்

பாஸ்! தாயம்மா அக்காவும் இன்னும் மூன்று பேரும். ஆபீஸில் போனை வைத்துவிட்டு மேஜையைத் தட்டினேன், மேனேஜர் எழுந்து வந்து பார்த்தார். பெருமையாக இருக்கிறது. அடக்கமாக எழுத வரவில்லை, எதற்கு அடங்க வேண்டும்?

14 டிசம்பர், ஞாயிறு

ரவிச்சந்திரன் ஒரு நாற்காலியோடு வந்தார். அடுக்க அல்ல, உட்கார. திரையில் தன் பெயர் ஏன் இல்லை என்று கேட்டார். ஏழாவதாகச் சேர்த்தேன்.

தாயம்மா அக்காவின் திரையில் பட்டை அடியில் இல்லை, உச்சியில் இருந்தது. யார் இதைத் தொட்டது என்று கொஞ்சம் அதட்டலாகவே கேட்டுவிட்டேன்.

“நான்தான். குனிஞ்சு பாத்தா கழுத்து வலிக்குது. அங்கங்க தட்டிப் பாத்தேன், வழி இருந்துச்சு, மாத்திட்டேன்.”

யாரும் கூப்பிடவில்லை, யாரும் சொல்லித் தரவுமில்லை. எனக்கு மேலே பட்டை இருந்தால் கண்ணை உறுத்தும். அப்படியே விட்டுவிட்டு வந்தேன்.