முன்னால் போகிற வண்டி

போடிநாயக்கனூர்
27 அக்டோபர் 2024

அன்பு அனுசியாவுக்கு,

நலம் விசாரித்து ஆரம்பித்தால் ‘பெரிய மனுஷி மாதிரி எழுதாதடீ’ என்று திட்டுவாய். அதனால் நேராகச் சொல்லிவிடுகிறேன். எனக்கு வேலை கிடைத்துவிட்டது! மதுரையில் ஒரு கல்லூரிக்காரர்கள் இந்தப் பக்கத்துக் கண்மாய்களில் பறவைக் கணக்கெடுக்கிறார்கள். விடியும்முன் கரையில் போய் உட்கார்ந்துகொள்ள வேண்டும், வருவதையும் போவதையும் எழுத வேண்டும். ‘வாத்து எண்ணுறதுக்கா எம்.எஸ்ஸி. படிக்க வச்சேன்’ என்று அப்பாவுக்கு ஆற்றாமை. ஆனால் தினமும் பிளாஸ்க்கில் காப்பி ஊற்றிக் கொடுத்தனுப்புவதும் அவர்தான்.

நேற்று வரித்தலை வாத்துகள் வந்து இறங்கின. இமயமலையைத் தாண்டி வருகிற ஜாதி. தலைக்குப் பின்னால் இரண்டு கறுப்புக் கோடு. வடக்கே வானத்தில் அம்புமுனை மாதிரி தெரிந்தது, கிட்டே வர வர ஒவ்வொன்றாகப் பிரிந்து தெரிந்தது. ஏன் அப்படிச் சாய்வாக வரிசை கட்டுகின்றன என்று எங்கள் சார் விளக்கினார். ஒரு பறவை இறக்கையை அடிக்கும்போது அதன் நுனிக்கு வெளிப்பக்கம் காற்று சுழன்று மேலே எழும்புமாம். பின்னால் வருவது தன் இறக்கையைச் சரியாக அந்தக் காற்றின் மேல் வைத்துக்கொள்கிறது. பாதி பாரத்தைக் காற்று தாங்குகிற மாதிரி. நேர் பின்னால் போனால் கீழே அழுத்துகிற காற்றில் மாட்டிக்கொள்ளும், அதனால்தான் ஒதுங்கிச் சாய்ந்து வருகின்றன. முன்னால் போகிறதுக்கு மட்டும் ஒரு சுகமும் இல்லை. அது களைத்துப்போனால் பின்னால் வந்துவிடும், வேறொன்று முன்னால் போகும். சண்டை இல்லை, சச்சரவு இல்லை.

எங்கள் மகாராணி அக்காவிடம் சொன்னேன். “எங்க ஜீப்புகளும் அப்படித்தான்டீ. பனி இறங்கிருச்சுன்னா பால்ராஜ் அண்ணே முன்னால போவாரு, அவரு பின்லைட்டப் பிடிச்சுக்கிட்டு மத்த வண்டியெல்லாம் ஏறும்” என்றாள். அக்கா உங்கள் எஸ்டேட்டுக்கு ஏலக்காய் எடுக்க ஜீப்பில் வர ஆரம்பித்ததிலிருந்து அவளுக்கு உன் வீட்டுக்காரர்தான் ஹீரோ. பதினேழு கொண்டை ஊசி வளைவையும் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுவாராம்.

இந்தக் கடிதமும் அண்ணன் கையில்தான் வருகிறது. அங்கே டவர் வரும்வரை அவர்தான் நமக்குத் தபால்காரர். பால்வாடிப் பிள்ளைகளை மேய்த்தது போக நேரம் கிடைத்தால் பதில் போடு. போன தடவை மாதிரி நாலு வரியில் முடித்தாயோ, தொலைந்தாய்.

உன்
முத்துப்பிரியா

*

எஸ்டேட்
6 நவம்பர் 2024

என் பிரியாவுக்கு,

வேலை கிடைத்ததில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று எழுதத் தெரியவில்லை. பிள்ளைகளுக்கு உன் பேரைச் சொல்லி ஆளுக்கொரு மிட்டாய் கொடுத்தேன். இங்கே மழை விட்டபாடில்லை. ஏலத்தோட்டத்துக்குள் போனால் பகலிலேயே இருட்டிக் கிடக்கிறது. துணி காய்ந்து ஒரு வாரம் ஆகிறது.

உன் கடிதத்தை இவர்தான் கொண்டுவந்து கொடுத்தார். வாசித்துக் காட்டச் சொன்னார். வாசித்தேன். கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுவார் என்ற இடத்தில் என் குரல் நின்றுவிட்டது. அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, பிரியா.

யாரிடமும் சொல்லக் கூடாது என்று என் தலையில் கைவைத்துச் சத்தியம் வாங்கியிருக்கிறார். உன்னிடம் சொல்லாமல் எனக்கு மூச்சு முட்டுகிறது. இவருக்குக் கண் போய்க்கொண்டிருக்கிறது. ஆனியில் போடியில் நடந்த கண் முகாமுக்கு நான்தான் வற்புறுத்திக் கூட்டிப்போனேன். கண் நரம்பு கெட்டிருக்கிறது, இரண்டு பக்கமும் பார்வை செத்துப்போய் நடுவில் மட்டும் மிஞ்சியிருக்கிறது, குழாய்க்குள் பார்ப்பது போலத்தான் தெரியும் என்றார் டாக்டர். போனதைத் திருப்ப முடியாதாம், இருப்பதைக் காப்பாற்ற மருந்து ஊற்ற வேண்டுமாம், வண்டி மட்டும் ஓட்டவே கூடாதாம். வெளியே வந்ததும் சீட்டைக் கிழித்துப் போட்டார். “நேரா தெரியுதுல்ல, அது போதும் ரோட்டுக்கு” என்றார்.

வாரமெல்லாம் போடியில் இருந்துவிட்டுச் சனிக்கிழமை அவர் இங்கே தங்கும்போதுதான் நான் பார்க்கிறேன். பக்கத்தில் வைத்த தண்ணிச் செம்பைக் கை தேடுகிறது. பால்வாடிப் பிள்ளை ஒன்று குறுக்கே ஓடியது, மோதி விழுந்த பிறகுதான் பார்த்தார். சாயங்காலம் ஆனால் இன்னும் மோசம்.

இதற்குப் பதில் எழுதினால் அவரிடம் கொடுக்காதே. இதை நான் அனுப்புவது போலவே மகாராணி அக்காவிடம் கொடுத்துவிடு. அக்காவுக்கும் ஒன்றும் தெரிய வேண்டாம்.

உன்
அனுசியா

*

போடிநாயக்கனூர்
14 நவம்பர் 2024

அன்பு அனு,

உன் கடிதம் வந்த மறுநாளே எழுத உட்கார்ந்தேன், முடியவில்லை. முதலில் என் கண்ணால் பார்த்துவிடலாம் என்று ஜீப் ஸ்டாண்டுக்குப் போனேன். அண்ணனுக்கு இடதுபக்கமாக நின்று வெறுமனே கையை ஆட்டினேன். திரும்பவே இல்லை. “அண்ணே” என்றதும், “வாம்மா பிரியா, எப்ப வந்த?” என்று முகமெல்லாம் சிரிப்பு. பெண்கள் ஏறும்போதும் குரலை வைத்துத்தான் ஆளைச் சொல்கிறார். அவர்கள் அதைப் பாசம் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

இன்னொன்றும் நடந்தது. எழுத வேண்டாமென்றுதான் இருந்தேன். திங்கட்கிழமை விடியற்காலை கண்மாயில் கைநீட்டினால் கை தெரியாத பனி. வாத்துகள் தண்ணீரைவிட்டுக் கிளம்பும் சத்தம் மட்டும் கேட்டது. தலைக்குமேல் வரிசையாகப் போயின. அடுத்த நொடி பெரிய மின்கம்பி அதிர்ந்தது, வீணைக் கம்பி அறுந்த மாதிரி ஒரு ஒலி. கீழே பொத்தென்று ஒன்று விழுந்தது. அதன் பின்னாலேயே இன்னொன்று. அப்புறம் இன்னொன்று. முன்னால் போனது கம்பியைப் பார்க்கவில்லை. மற்றவை அதன் இறக்கையை ஒட்டியே வந்தவை, அவை எங்கே பார்ப்பது? தனித்தனியாகப் பறந்திருந்தால் தப்பித்திருக்கும். பனி விலகியபின் நான்தான் பொறுக்கி எடுத்தேன். ஒன்றுக்குச் சூடு ஆறவில்லை.

அனு, அந்த மலையில் அண்ணனுக்குப் பின்னால் எத்தனை வண்டி வருகிறது, ஒவ்வொன்றிலும் எப்படி அடைத்து ஏற்றுகிறார்கள் என்று உனக்கே தெரியும். ஓட்டுவதை நிறுத்தச் சொல். ஒரேயடியாக முடியாதென்றால் முதலில் முன்னால் போவதையாவது விடச் சொல். களைத்தது பின்னால் வருவதில் என்ன கேவலம்? நீ சொன்னால் கேட்பார்.

உன்
பிரியா

*

எஸ்டேட்
22 நவம்பர் 2024

பிரியா,

சொன்னேன். பின்னால் போங்கள், கடைசி வண்டி ஓட்டுகிற வீரணன் முன்னால் போகட்டும் என்று நயமாகத்தான் சொன்னேன். அவர் சொன்னார், “பின்னால போனா வளைவுல முன் வண்டி ஒதுங்குனதும் எனக்கு ஒண்ணுமில்லாமப் போயிரும். முன்னால போனா ரோடு எம் மனசுல இருக்கு. அதுவும் போக, முன்னால போறவன் எப்படி ஓட்டுறான்னு ஒருத்தனும் பாக்க மாட்டான்.”

இந்த மனுஷன் எல்லாவற்றையும் யோசித்து வைத்திருக்கிறார்.

போன வாரம் புலியூத்துக்கு மேலே ஒரு வளைவில் தடுப்புச் சுவரில் உரசியிருக்கிறார். பின்னால் வந்தவர்கள் மாடு குறுக்கே வந்துவிட்டதென்று நினைத்துக்கொண்டார்களாம். அவரே சொல்லிச் சிரித்தார்.

மாசி வரைக்கும் பொறுத்துக்கொள், பிரியா. காயெடுப்பு முடிந்ததும் அவரே இறங்கிவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். அதுவரை யாரிடமும் வாய் திறக்காதே. இருபது வருஷமாக ‘பால்ராஜ் வண்டி’ என்றால் ஊரே எழுந்து நிற்கிறது. அந்தப் பேர் போனால் அவர் உயிரோடு இருக்க மாட்டார். எனக்கு அவரைத் தவிர யார் இருக்கிறார்கள்?

நீ பயப்படாதே. மகாராணி அக்காவை வீரணனுடைய கடைசி வண்டியில் வரச் சொல்லிவிட்டேன். முன் வண்டியில் இடம் நெருக்கடி என்று ஒரு சாக்குச் சொன்னேன். அக்கா இருந்த இடத்தில் மொக்கையன் மகள் சந்திரவல்லி உட்கார்ந்து வருகிறாள், ஆவணியில் கல்யாணமானதே, அந்தப் பெண்.

உன்
அனுசியா

*

போடிநாயக்கனூர்
27 நவம்பர் 2024

அனு,

உன் கடிதத்தின் கடைசி நாலு வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். என் அக்காவை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சந்திரவல்லியை உட்கார வைத்ததை, எனக்குச் செய்த உபகாரமாக எழுதியிருக்கிறாய். எனக்கு உன்மேல் கோபம் வரவில்லை. ஆனால் அதற்குமேல் என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

இன்று விடிந்ததும் ஸ்டாண்டுக்குப் போனேன். அடிவாரத்து முந்தலுக்கு மேலே மலையே இல்லை, அவ்வளவு பனி. அண்ணனைத் தனியாக டீக்கடைப் பக்கம் கூப்பிட்டேன். “அண்ணே, நீங்களே சொல்லிருங்க. உங்களுக்குப் பார்வை சரியில்ல. நீங்க சொன்னா மரியாதையா இருக்கும்” என்றேன்.

முதலில் விளையாட்டு மாதிரிதான் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு முகம் மாறியது.

“அனு சொன்னாளா?”

“இல்லண்ணே. நானே பாத்தேன். ஒரு வாரமா ஸ்டாண்டுல நின்னு பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்.”

“எம் பொண்டாட்டி சொல்ல மாட்டா” என்றார். பிறகு, “சோலியப் பாத்துட்டுப் போ தாயி” என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறி ஸ்டார்ட் பண்ணினார்.

நான் வண்டிக்கு முன்னால் போய் நின்று பெண்களிடம் உரக்கச் சொன்னேன். ‘அண்ணனுக்குப் பக்கவாட்டுல கண்ணு தெரியல, இறங்குங்க’ என்றேன். யாரும் நம்பவில்லை. ஒரு கிழவி என்னை ஏசினாள். அப்போது சந்திரவல்லி, “அண்ணே, எத்தன விரல நீட்டுறேன், திரும்பாமச் சொல்லுங்க” என்று கேட்டாள். அவருக்கு வலப்பக்கம் தரையில் நின்று மூன்று விரலை நீட்டியிருந்தாள். அவர் நேரே பார்த்தபடியே இருந்தார். தலையைத் திருப்பவும் இல்லை, பதில் சொல்லவும் இல்லை. ஒவ்வொருத்தியாக இறங்கிவிட்டார்கள்.

வண்டி காலியானதும் என்னைச் சுற்றி வளைத்து அவர் தனியாகக் கிளம்பிவிட்டார். வீரணன் ஓடிப்போய்க் கதவைப் பிடித்தும் நிற்கவில்லை. முந்தல் பக்கம் பின்லைட் கொஞ்சதூரம் தெரிந்தது, அப்புறம் அதுவும் இல்லை. மற்ற வண்டிகள் கிளம்பவில்லை.

பனி விலகினால் வீரணன் மேலே வருவார், இதை அவர் கையில் கொடுக்கிறேன். இது உனக்குக் கிடைக்கும்போது அண்ணன் வந்து சேர்ந்திருக்க வேண்டும். சேர்ந்திருப்பார். வேறு எதையும் நினைக்க எனக்குத் தைரியம் இல்லை.

பிரியா

*

எஸ்டேட்
15 டிசம்பர் 2024

பிரியா,

உனக்கு மகாராணி அக்கா மூலம் தெரிந்திருக்கும். அவர் வந்து சேர்ந்துவிட்டார். அத்தனை வளைவையும் தனியாக, அந்தப் பனியில் ஏறி வந்தார். பால்வாடி வாசலில் வண்டியை நிறுத்தி, ஹாரன் அடித்து என்னைக் கூப்பிட்டார். பின்னால் வண்டி எதுவும் வராததைப் பார்த்து நான் பயந்துபோய் ஓடினேன்.

“கண்ணு தெரியலயாம்ல எனக்கு! வண்டியச் சுத்திப் பாரு. ஒரு கீறல் இருந்தாச் சொல்லு” என்றார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை.

சுற்றிப்போனேன். இடதுபக்கக் கண்ணாடி இல்லை. ஏறுகிற படி இல்லை. முன்னாலிருந்து பின்வரைக்கும் தகரம் கிழிந்து, அதற்குள் சுவரின் பாசியும் சுண்ணாம்பும் அப்பியிருந்தது. பின் சக்கரத்தில் புல்லும் வேரும் சுற்றிக்கிடந்தது. ரோட்டுக்கு வெளியே போய்த் திரும்பியிருக்கிறார், அது அவருக்குத் தெரியவே இல்லை. பெண்கள் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து வருகிற பக்கம் அது.

“ஒரு கீறலும் இல்லங்க” என்றேன்.

பொழுது உச்சிக்கு வந்தபிறகு வீரணன் வந்தார். வண்டியைப் பார்த்ததும், “அண்ணே, என்னண்ணே இது” என்று தலையில் கைவைத்துவிட்டார். இவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு வண்டிக்குக் கிட்டே போய்த் தகரத்தின்மேல் கையை வைத்து, முன்னாலிருந்து கடைசிவரை மெதுவாகத் தடவிக்கொண்டே போனார். கை கிழிந்து ரத்தம் வந்தது, எடுக்கவில்லை. சாவியை வீரணன் கையில் கொடுத்துவிட்டு வீட்டுக்குள் போய்ப் படுத்தார். அதன்பிறகு அவர் மலையிறங்கவே இல்லை.

இப்போது வண்டிகள் ஆள் மாற்றி ஆள் முன்னால் வருகின்றன. சந்திரவல்லி போன வாரம் பால்வாடிக்கு வந்து, உண்டாகியிருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனாள். அவளுக்குத் திருநீறு பூசிவிட்டு உள்ளே போய் அழுதேன். நீ செய்தது சரி. அதை இந்த ஒரு கடிதத்தில்தான் சொல்ல முடியும், அதனால் சொல்லிவிடுகிறேன்.

நீ எனக்காகச் சொன்ன பொய்யை அவர் நம்பிவிட்டார். கீறல் இல்லை என்ற என் பொய்யையும், அவர் மனசு நோகக் கூடாதென்று சொன்னதாக எடுத்துக்கொண்டார். ‘ஊரே கைவிட்டாலும் நீ விடலயே’ என்கிறார். அவருக்கு இப்போது பகை ஒரே ஆள், நீ. எழுந்தால் உட்கார்ந்தால் உன்னைத்தான் ஏசுகிறார். ‘வாத்துக்காரி’ என்கிறார். யாரிடமிருந்து எது வந்தாலும் வாசித்துக் காட்டச் சொல்கிறார். நான்தான் சொன்னேன் என்று தெரிந்தால் இந்த வீட்டில் அவர் யாரை நம்பி இருப்பார்? இந்தக் கடிதத்தைப் பிள்ளைகள் தூங்கும்போது பால்வாடியில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

வெகுநாள் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்தார். எதையாவது குடித்துவிடுவாரோ என்று தோட்டத்துக்கு அடிக்கிற மருந்து டப்பாக்களை எல்லாம் அடுத்த வீட்டில் கொண்டுபோய் வைத்தேன். நேற்று உன்னை ஏசி முடித்ததும் என் பக்கம் திரும்பி, “அவ உனக்குக் கூட்டாளியாச்சே. நீ ஒரு வார்த்தைகூடச் சொல்லலயே” என்றார்.

சொன்னேன், பிரியா. உன்னைப் பற்றி, உன் குடும்பத்தைப் பற்றி, வாயில் வரக்கூடாததெல்லாம் சொன்னேன். நிறுத்த முடியாமல் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே எழுந்து உட்கார்ந்தார். முகம் தெளிந்தது. பிறகு சோறு போடச் சொல்லி, தட்டை வழித்துச் சாப்பிட்டார்.

இன்றைக்கும் அவர் சாப்பிட வேண்டும். நீ இனி எழுதாதே.

அனுசியா