பெட்டி இறக்காத வண்டி

மாமு,

இன்று மாலை எண்ணூர் விரைவுச் சாலையில் நான் வந்த ஷேர் ஆட்டோ நின்றுவிட்டது. வழக்கம்போல, கன்டெய்னர் பெட்டிகளோடு துறைமுகத்துக்குப் போகும் டிரெய்லர் வரிசை. பக்கத்து வண்டியின் கேபினிலிருந்து நம் சீரியலின் தலைப்புப் பாட்டு கேட்டது. டிரைவர் செல்போனைக் கண்ணாடிக்குக் கீழே சாய்த்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு நொடி நீதான் என்று எட்டிப் பார்த்துவிட்டேன். நீ போய்ச் சேர்ந்து ஒரு மழைக்காலமே முடிந்துவிட்டது. இன்னும் இந்தப் புத்தி போகவில்லை எனக்கு.

'நம் சீரியல்' என்று சொல்லிப் பழக்கியவன் நீ. வசனம் எழுதுகிறவன் நான், அதற்குச் சம்பளம் வாங்குகிறவனும் நான். ஆனால் அதில் யார் எதற்காக என்ன செய்கிறார்கள் என்று உண்மையிலேயே கவலைப்பட்டவன் நீ ஒருவன்தான். விளம்பரம் வந்ததும் வரிசையில் இருந்தபடியே போன் போடுவாய். "இன்னா மாமு, அந்தப் பொண்ணு இன்னாத்துக்கு மூஞ்ச திருப்பிக்கினு போவுது? நேத்துதானே சிரிச்சுது?" நான் என்ன சொல்வேன்? சேனலில் போகச் சொன்னார்கள், அதனால் போகிறாள் என்றா சொல்ல முடியும்?

நிச்சயதார்த்தத்தன்று கதாநாயகன் வரவில்லை. ஏன் வரவில்லை என்றும் அவளிடம் சொல்லவில்லை. அவன் வாயைத் திறந்தால் கதை முடிந்துவிடும், அதனால் நாங்கள் திறக்கவிடவில்லை. அவ்வளவுதான் விஷயம். ஊரே அவனைத் திட்டியது. நீ மட்டும் அவனுக்காக வாதாடினாய். "சொன்னா அவ மன்னிச்சிடுவா மாமு. அதான் சொல்ல மாட்றான். தெனம் அடுத்தவ மன்னிப்புல குந்திக்கினு சோறு துன்ன முடியுமா?" அதை அப்படியே வசனமாக்கினேன். சேனலில் வெட்டிவிட்டார்கள்.

நீ யாருக்காக வாதாடினாய் என்று எனக்குத் தெரியாதா? ராயபுரம் கோயிலில் உன் மகள் முதல் முறையாக நற்கருணை வாங்கிய நாள். புது நன்மைக்கென்று தைத்த வெள்ளை கவுனில் அவள் நின்றாள். உன் மனைவி ஸ்டெல்லா பூசை முழுக்க வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். நீ பெட்டி ஏற்றிய வண்டியோடு துறைமுக வாசலுக்குக் கொஞ்சம் தள்ளி நின்றிருந்தாய். வரிசையை விட்டு விலகினால் இடம் போய்விடும், மறுபடி கடைசியில் போய் நிற்க வேண்டும். இதோ நகரும், இதோ நகரும் என்று நின்றே பூசை முடிந்துவிட்டது. லாரிக்காரன் பெண்டாட்டிக்கு இதையெல்லாம் சொல்லவா வேண்டும்? ஒரு வார்த்தை வருத்தப்படுவாய் என்றுதான் அவள் எதிர்பார்த்தாள். நீ தலையைக் குனிந்துகொண்டு நின்றாய். மகளைக் கூட்டிக்கொண்டு விம்கோ நகரில் இருக்கும் தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

அங்கே அவளும் இந்த சீரியலைப் பார்ப்பாள் என்று உனக்குத் தெரியும். "உன் ஆளுங்கள சேத்து வெச்சிடு மாமு. அத்தப் பாத்து அவ மனசு எளகும். அன்னிக்கே போயி கூட்டினு வந்துடறேன்" என்பாய். எனக்குப் பேஜாராக இருக்கும். சேர்த்து வைக்க நான் யார்? இருவரும் நெருங்கினால் ஒரு போன் வர வேண்டும், ஒரு விபத்து நடக்க வேண்டும், இல்லாவிட்டால் அத்தைக்காரி கதவைத் தட்ட வேண்டும். எழுதி எழுதி எனக்கே அலுத்துப்போனது.

ஒருவழியாக ஒரு நாள் சேர்த்து வைத்தோம். அவள் கதவைத் திறந்தாள், அவன் நின்றிருந்தான், கட்டிக்கொண்டு அழுதார்கள். அன்று உன்னிடமிருந்து போன் வரவில்லை. மறுநாள் எபிசோடில் அவள் படுக்கையிலிருந்து திடுக்கிட்டு எழுந்தாள். அத்தனையும் கனவாம்! சேனல் கடைசி நேரத்தில் எடுத்த முடிவு. உன் போன் வந்ததும் எடுக்கவே பயமாக இருந்தது. நீயோ சிரித்தாய்.

"கனவாமே? இங்க ஸ்டெல்லா தோச ஊத்திக்கினு கீறா மாமு. இதுவும் கனவா? எல்லாம் நீ எழுதின சீனு!"

அதற்குப் பிறகு டீக்கடையில் பார்க்கிறவனிடமெல்லாம் அதையே சொல்லிக்கொண்டிருந்தாய். எனக்கும் உள்ளுக்குள் பெருமைதான். இத்தனை வருடம் எழுதியதில் உருப்படியாக ஒன்று நடந்திருக்கிறதே என்று. கொஞ்ச காலம்தான் சேர்ந்து இருந்தீர்கள். நெஞ்சு வலி என்று உன்னைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். வெறுங்கையோடு திரும்பினோம்.

இப்போது சீரியலை முடிக்கப் போகிறார்கள். நிஜமாகவே அவர்களைச் சேர்த்து வைக்க வேண்டும். "எதுக்காக சார் அவ திரும்பி வர்றா? ஸ்ட்ராங்கா ஒரு காரணம் சொல்லுங்க" என்று சேனலில் கேட்கிறார்கள். போன ஞாயிற்றுக்கிழமை ஸ்டெல்லாவைப் பார்க்கப் போனபோது, பேச்சுவாக்கில் அந்தக் கனவுக் காட்சியைப் பற்றிச் சொன்னேன். இறால் உரித்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள்.

"ஒண்ணு சொல்லட்டாண்ணா? அன்னிக்கு எங்கம்மா வூட்டாண்ட கரண்டே இல்ல. அந்தக் கதைய நான் பாக்கவே இல்ல. அவரு அத்தயே சொல்லி சந்தோசப்பட்டுக்கினு இருந்தாரு. நான் இன்னாத்துக்குக் கெடுக்கணும்னு வுட்டுட்டேன்."

"அப்ப எதுக்கும்மா அவன் கூப்பிட்டதும் வந்தே?"

"தெரு முனையில வண்டி நின்னுச்சு. மேல பெட்டி அப்டியே கீது, எறக்கவே இல்ல. புள்ளயோட புது நன்மைக்கு வுடாத வரிசைய அன்னிக்கு வுட்டுட்டு வந்துட்டாரு. அதுக்கு மேல இன்னாண்ணா கேக்கறது?"

சொல்லிவிட்டு மறுபடி இறாலை எடுத்தாள். எனக்குத்தான் கண்ணீர் வந்துவிட்டது.

எங்கள் கதாநாயகன் லாரிக்காரன் இல்லை மாமு. அவன் விட்டுவிட்டு வருவதற்கு என்ன இருக்கிறது என்று தேடிக்கொண்டிருக்கிறேன். எதை எழுதினாலும் வெட்டத்தான் போகிறார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை, பழகிவிட்டது. என் சீன் அவள் மனதை இளக்கவில்லை என்பதிலும் வருத்தமில்லை. நீ அதைத் தெரிந்துகொள்ளாமலே போய்விட்டாயே, அதுதான் தாங்கவில்லை.

ஷேர் ஆட்டோ நகர்ந்தபோது அந்த டிரைவரிடமாவது சொல்லலாமா என்று இருந்தது. யாரிடம் சொன்னாலும் உன்னிடம் சேராது. ஆனாலும் இந்த ஒரு சேதியைத்தான் இன்னும் சுமந்துகொண்டு திரிகிறேன். அன்றைக்குக் கரண்ட் இல்லை மாமு. அவள் உன்னைப் பார்த்துத்தான் வந்தாள்.