கட்டம் போட்டுத் தோற்ற சிலேட்டுகள்

10 ஜனவரி 1999, ஞாயிறு

எழுத்து கோணலாகத்தான் வருகிறது. பொறுத்துக்கொள், நோட்டே. அறுபத்தெட்டு வயதில் சொந்தமாக எழுதுகிறேன் என்ற சந்தோஷம்கூட இன்று கசக்கிறது.

கல்கத்தா கார்டன் ரீச்சில் எங்கள் தெருப் பிள்ளைகள் சரஸ்வதி பூஜைப் பந்தலுக்கு யோசனை தேடினார்கள். முதியோர் வகுப்பில் நாங்கள் எழுதப் பழகிய சிலேட்டுகளைப் பந்தலின் சுவராக அடுக்கலாம் என்றாள் பேத்தி மாலதி. என் சிலேட்டு தேவிக்குப் பக்கத்தில் என்றாள். "தாருண்!", அதாவது பிரமாதம், என்று குதித்தான் பக்கத்து வீட்டு வங்காளிப் பையன் பாபாய். வேறு யோசனையே வேண்டாம் என்றான்.

"உனக்கு எல்லாமே தாருண்தான்" என்று சொல்லி, மாலதி சிலேட்டுச் சுவருக்கும் மற்ற பிள்ளைகள் சொன்ன தெர்மகோல் கோயிலுக்கும் தன் நோட்டில் கட்டம் போட்டாள். வேலை, நேரம், உறுதி, பரிசு வாய்ப்பு, புதுமை என்று ஒவ்வொன்றுக்கும் பத்து மதிப்பெண். கூட்டிப் பார்த்தபோது தெர்மகோல் கோயில் இரண்டு மதிப்பெண் கூடுதலாக வாங்கியிருந்தது.

"சிலேட்டு உன் யோசனைதானேம்மா?" என்றேன்.

"அதுக்காக மார்க்கைக் கூட்டிப் போட முடியுமா தாத்தா?"

சண்டை போட்டுத் தோற்றிருந்தால் மனம் ஆறியிருக்கும். புதுமைக்கு அவளே சிலேட்டுக்குப் பத்தும் கோயிலுக்கு ஒன்றும் போட்டிருந்தாள். ஆனால் புதுமை ஐந்தில் ஒரு கட்டம்தான். போன வருஷமும் தெர்மகோல் கோயில்தான்.

அடுத்த ஞாயிறும் எழுதுவேன். அதற்குள் கோயில் பாதி எழும்பியிருக்கும்.