ரெண்டில் ஒண்ணு சத்தமா சொல்லு

என் செல்ல மகளுக்கு,

நாங்க சுகம்னு முதல்ல எழுதிட்டாத்தான் மத்ததை நீ பதறாம படிப்பே, அதனால எழுதறேன், எல்லாரும் சுகம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியா இருப்பேன்னு நம்பறேன். அப்பாவுக்குக் கண்ணாடி மாத்தியாச்சு, இப்பத்தான் என் தலை இவ்வளவு நரைச்சிருக்குன்னே அவருக்குத் தெரியுதாம். தம்பி பரீட்சை எழுதி முடிச்சிட்டான், எப்படிடா எழுதினேன்னு கேட்டா கொஸ்டின் பேப்பர் ரொம்ப நல்லா இருந்துச்சும்மாங்கறான், தான் எழுதினதைப் பத்தி வாயைத் திறக்க மாட்டேங்கறான். மாடி வீட்டுக்காரங்க காலி பண்ணிட்டாங்க, போகும்போது நம்ம துணிக்கொடியையும் சேர்த்து அவுத்துக்கிட்டுப் போயிட்டாங்க, போகட்டும்.

உனக்கு வந்திருக்கிற ரெண்டு பைலட் வேலையைப் பத்தித்தான் எழுத வந்தேன், எழுத எழுதக் கை எங்கயோ போகுது. நம்ம ஊர் ஏர்போர்ட்ல இருந்து பறக்கிற அந்தச் சின்னக் கம்பெனியில நீ சேரப்போறேன்னு அப்பா முடிவே கட்டிட்டார். உன் ரூமுக்குப் பெயிண்ட் அடிச்சு, ஜன்னலுக்கு வலை போட்டு, பிரஸ்ல கூட வேலை பார்க்கிறவங்க எல்லார்கிட்டயும் சொல்லிட்டார், பொண்ணு காலையில பறந்துட்டு ராத்திரி சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துடுவான்னு. கடல் தாண்டி இருக்கிற பெரிய கம்பெனியைப் பத்திப் பேச்செடுத்தாலே, பிளேன் பெருசா இருந்தா என்ன, இவ உக்காரப்போற சீட்டு ஒரே அளவுதானேன்னு அடக்கிடுவார். எனக்கும் ஆசை இல்லாம இல்ல. பெத்தவளுக்குப் பிள்ளை கண் முன்னாடி இருக்கணும்னு தோணாதா. போன வாரம் வரைக்கும் நானும் அவர் பக்கம்தான்.

இப்போ சொல்லப்போறதைப் பதறாம படி. உன்கூட டிரெயினிங்ல இருந்த நெட்டை, காய்ச்சல்னு உனக்கு மெசேஜ் போட்டிருக்கான் இல்ல, அது காய்ச்சல் இல்லம்மா. அந்தச் சின்னக் கம்பெனி பிளேன் ஒண்ணு மழையில ரன்வே முடிஞ்சும் நிக்காம சேத்துக்குள்ள போய்க் குத்திக்கிட்டு நின்னுச்சே, நியூஸ்ல ரெண்டு வரி போட்டாங்களே, அதுல கோ-பைலட்டா இருந்தது அவன்தான். பயணிங்க யாருக்கும் பெரிய அடி இல்ல, அந்த மட்டும் பிழைச்சோம். அவனுக்கு முட்டியில ஆபரேஷன் பண்ணி எங்க ஆஸ்பத்திரியில நான் வேலை பார்க்கிற பிசியோதெரபி டிபார்ட்மென்ட்டுக்கே அனுப்பினாங்க. சக்கர நாற்காலியில அவனைப் பார்த்ததும் ஓடிப்போய்க் கையைப் பிடிச்சுக்கிட்டேன். நம்ம வீட்டு டேபிள்ல உக்காந்து உன் பங்கையும் சேர்த்துச் சாப்பிட்ட பிள்ளை. உனக்குச் சொல்லவான்னு கேட்டேன், அவ முடிவெடுக்கட்டும் ஆன்ட்டி, என்னைப் பார்த்துப் பயந்து முடிவெடுக்க வேண்டாம்னுட்டான்.

தினம் அவன் காலை மடக்கி நீட்டிவிடறது என் வேலை. வலி தெரியாம இருக்கப் பேச்சுக் கொடுப்பேன், அப்படித்தான் கொஞ்சம் கொஞ்சமா சொன்னான். அன்னைக்கு ஏற்கெனவே ஒரு தடவை இறங்க முடியாம மேல போய்ச் சுத்தி வந்திருக்காங்க. ரெண்டாவது தடவை ரன்வேயில பாதி தாண்டியும் சக்கரம் தரையைத் தொடல. இவனுக்குப் புரிஞ்சுபோச்சு. மேல போயிடலாம் சார்னு சொல்லியிருக்கான். கேப்டன் பதில் பேசல. எத்தனையோ வருஷமா ஓட்டறவர், அவருக்குத் தெரியாததா நமக்குத் தெரியப்போகுதுன்னு இவனும் விட்டுட்டான். இன்னொரு தடவை சொல்லியிருக்கணும் ஆன்ட்டின்னு கண்ணை மூடிக்கிட்டான், முட்டி வலியில மூடினான்னு மத்தவங்க நினைச்சுக்கிட்டாங்க.

அதுக்கு ரெண்டு நாள் கழிச்சு அந்தக் கேப்டனே வந்தார். மனுஷன் பாதியா இளைச்சிருந்தார். நான் எழுந்து போகப் பார்த்தேன், நெட்டை என் கையை விடல. கம்பெனிக்காகப் பேச வந்திருப்பார்னு நினைச்சேன். இல்ல. தம்பி, மேல போகலாம்னு நீ சொன்னதா விசாரணையில எழுதிக் கொடுத்திருக்கியாமே, நிஜமாவே சொன்னியா, சத்தியமா என் காதுல விழலப்பான்னார். பொய் சொல்ற முகம் இல்ல அது. சொன்னேன் சார், மெதுவா சொன்னேன்னான் இவன். அவர் போகும்போது, எழுதினதை மாத்தாதேன்னு மட்டும் சொல்லிட்டுப் போனார்.

அன்னையில இருந்து எனக்குத் தூக்கம் இல்லம்மா. கம்பெனி சின்னதா பெருசாங்கறது கூட இல்ல என் பயம். உன் குரல் எனக்குத் தெரியும். ஸ்கூல் விழாவுல ஷூ கடிச்சுக் கால் பூரா கொப்புளம், கடைசி வரைக்கும் ஆடிட்டு வந்தியே தவிர டீச்சர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. அப்படிப்பட்டவ அந்தச் சீட்டுல உக்காந்தா என்ன பண்ணுவா. நெட்டைகிட்டயே கேட்டேன், நீயா இருந்தா எதை எடுப்பேன்னு. பெரிய கம்பெனியில மாசக்கணக்கா இதையேதான் சொல்லிக் கொடுப்பாங்களாம், கோ-பைலட் சொன்னா கேப்டன் மேல போய்த்தான் ஆகணும், மறுபேச்சே கிடையாதாம். ஆனா அங்க தூரம் தூரமா பறக்கறதால கைக்கு வேலை கம்மி, இங்கதான் ஒரு நாளைக்கு அத்தனை தடவை ஏறி இறங்கிக் கை பழகும், நீச்சல் மாதிரி, தண்ணியில கிடந்தாத்தான் வரும்ங்கறான். இங்கயே ஒரு அம்மா கேப்டன் இருக்காங்களாம், சீட்டுல உக்காந்ததும், எதுவா இருந்தாலும் சத்தமா சொல்லுன்னு சொல்லிட்டுத்தான் பெல்ட்டே போடுவாங்களாம். அவன் கால் சரியானதும் திரும்ப இந்தச் சின்னக் கம்பெனிக்கேதான் போறானாம். உன்கிட்ட எல்லாத்தையும் சொல்லிடுங்க ஆன்ட்டி, இதையும் சேர்த்துச் சொன்னாத்தான் நியாயம்னான். வலிக்குதா வலிக்குதான்னு கேட்டுக்கேட்டு நான் உருவிவிட்ட பிள்ளை அப்படிச் சொன்னதும் எனக்கு அழுகையா கோவமான்னு தெரியல.

வீட்டுக்கு வந்து அப்பாகிட்ட எல்லாம் சொன்னேன். தட்டுல கை வெச்சபடியே உக்காந்துட்டார். அப்புறம், இவ இந்த வேலைக்கு வரேன்னு எப்போ சொன்னான்னு கேட்டார். ரெண்டு பேரும் யோசிச்சுப் பார்த்தோம். நீ சொல்லவே இல்லம்மா. பாக்கலாம்ப்பான்னு சொன்னே, அதுக்குள்ள அவர் பெயிண்ட் வாங்கப் போயிட்டார். நானாத்தான் முடிவு பண்ணியிருக்கேன் போலன்னு சொல்லிட்டு எழுந்து கை கழுவினார், சாப்பாடு அப்படியே இருந்துச்சு.

அடுத்த வெள்ளிக்கிழமைக்குள்ள ரெண்டு கம்பெனிக்கும் பதில் சொல்லணும்னியே. அதுக்கு முன்னாடி எங்களுக்குச் சொல்லு. தூரத்து வேலைதான் வேணும்னா அதைச் சொல்லு, அப்பா முகம் வாடும், வாடட்டும், நான் பார்த்துக்கறேன். பக்கத்து வேலைன்னா அதையும் உன் வாயால சொல்லு, நான் வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டு இருந்துட்டுப் போறேன், அது எந்த ஊர்ல இருந்தாலும் இருக்கப்போறதுதான். எங்க போனாலும் அங்க வேலை பார்க்கிற சின்னவங்களைத் தனியா கூப்பிட்டு, இங்க வேண்டாம்னு சொன்னா கேக்கறாங்களான்னு ஒரு வார்த்தை விசாரி.

நல்லபடியா ஏறி நல்லபடியா இறங்கணும், நீயும் உன் பின்னாடி உக்காந்திருக்கிற அத்தனை பேரும். அதுதான் என் ஆசீர்வாதம், அப்பாவோடதும். நெட்டைக்குப் போன் பண்ணு, காய்ச்சல் எப்படி இருக்குன்னு கிண்டல் பண்ணாதே. எங்களுக்கு இந்த ஞாயித்துக்கிழமையே பண்ணு. குறுக்கப் பேச மாட்டேன்னு அப்பா சொல்லியிருக்கார், நம்பறதுக்கில்ல. அவர் பேசினாலும் நீ நிறுத்தாதே, சொல்லி முடி.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
அம்மா