வெம்பக்கோட்டை ரைடர்ஸ் கிட்டார்காரருக்கு

என் பிரியத்துக்குரிய அப்பாவுக்கு,

நீங்கள் போய்ச் சில தீபாவளிகள் கடந்துவிட்டன. அப்போதெல்லாம் ஒரு வரிகூட எழுதாதவள், இப்போது மதுரையில் ஓர் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். மடியில் உங்கள் பேத்தி ஆதிரை. தவழத் தொடங்கிவிட்டாள். அவளுக்குக் காது கேட்கிறதா என்று பார்க்க வந்திருக்கிறோம். அவள் தூங்கினால்தான் சோதனையாம். மருந்து கொடுத்தாயிற்று, ஆனால் கண்ணை உருட்டிக்கொண்டு என் பேனாவைப் பிடுங்கப் பார்க்கிறாள். சும்மா இருந்தால் அழுதுவிடுவேன், அதனால் எழுதுகிறேன்.

எங்களை இங்கே கொண்டுவந்து விட்டது உங்கள் வெம்பக்கோட்டை ரைடர்ஸ்தான்.

அந்தப் பாட்டுக் குழுவைப் பற்றி நீங்கள் என்னிடம் பேசியதே இல்லை. உங்கள் கூட்டாளி சிக்கந்தர் மாமா சொல்லித்தான் கொஞ்சம் தெரியும். நான்கு பேர். அமெரிக்கக் குதிரைக்காரர்கள் போலத் தொப்பி வேண்டுமென்று காலண்டர் அட்டையை வெட்டி ஒட்டிப் போட்டுக்கொண்டீர்களாம். அந்த ஊர்ப் பாட்டுகளில் கிட்டார் கம்பி அழுவது போல ஒரு சத்தம் வருமே, அதற்காக மாமா புல்புல்தாரா வாத்தியத்தின் கம்பிமேல் மருந்துக் குப்பியை வைத்து இழுப்பாராம். கோயில் பொங்கலில் சினிமாப் பாட்டு கேட்ட கூட்டத்துக்கு முன்னால், தண்ணீர் இல்லாத அணையையும் லோடு லாரியையும் பற்றி நீங்கள் நான்கு பேரும் சேர்ந்து கட்டிய பாட்டைப் பாடினீர்களாம். "குதிரை எங்கலே?" என்று ஒருவன் கத்த, "மேய்ச்சலுக்குப் போயிருக்கு, நீ வந்திருக்க" என்று மாமா மைக்கிலேயே சொல்லிவிட்டாராம்.

ஒரே ஒரு கேசட். அதுவும் விற்கவில்லை. மிஞ்சிய அட்டைப்படங்கள் எடைக்குப் போய், அங்கிருந்து பட்டாசுக்குக் குழாய் சுற்றப் போய்விட்டன. "அந்த வருசம் எங்க மூஞ்சி ஊரெல்லாம் வெடிச்சுது" என்று மாமா இன்றைக்கும் சிரிக்கிறார்.

அந்தக் கேசட் ஒன்று கோயம்புத்தூரில் பழைய சாமான் கடையில் ஒரு பையனுக்குக் கிடைத்திருக்கிறது. அவன் அதை இணையத்தில் ஏற்றிவிட்டான். என் வீட்டுக்காரர் செல்வத்துக்கு, அவர் வேலை பார்க்கும் பிரஸ்ஸில் யாரோ அனுப்ப, அவர் எனக்கு அனுப்பினார். முதல் பாட்டு தொடங்கும் முன் ஒரு குரல், "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ணுகிறது. நீங்கள். அவ்வளவுதான் உங்கள் குரல், பாடுவது மாமா. அந்த மூன்று சொல்லுக்கு மேல் என்னால் அன்றைக்குக் கேட்க முடியவில்லை.

இப்போது எங்கெங்கோ இருக்கிறவர்கள் கேட்கிறார்கள். கிட்டார் ஒரு இழை பின்தங்கியே வருகிறது, சோம்பல் பிடித்த குதிரை மாதிரி, அதுதான் இந்தக் குழுவின் அழகு என்று ஒருவர் எழுதியிருக்கிறார். யார் இந்த ஆள், ஏன் ஒரு கேசட்டோடு நிறுத்திவிட்டார் என்று இன்னொருவர். எனக்கும் அதே கேள்விதான். அம்மா இருந்திருந்தால் அவளிடமாவது கேட்டிருப்பேன்.

விஷயம் கேள்விப்பட்டு, விருதுநகரில் பருப்புக் கடையை மகனிடம் விட்டுவிட்டு மாமா நாரணாபுரத்துக்கு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். பரணில் இருந்த உங்கள் கிட்டாரை இறக்கச் சொன்னார். அவர் கம்பியை முறுக்கிக்கொண்டிருந்தபோது பக்கத்துப் பட்டாசுக் கம்பெனியில் சரக்கைச் சோதித்துப் பார்க்கப் பெரிய வெடி ஒன்று போட்டார்கள். ஜன்னல் அதிர்ந்தது. சுவரைப் பார்த்து டம்ளரை உருட்டிக்கொண்டிருந்த ஆதிரை அசையவில்லை.

"பாத்தீகளாண்ணே, சிங்கக்குட்டி. பொறந்ததுலேருந்து இப்பிடித்தான், எந்த வெடிக்கும் பயப்பட மாட்டா" என்றார் அத்தை, செல்வத்தின் அம்மா.

எங்கள் பக்கம் இது பெருமை, உங்களுக்குத் தெரியாததா? வெளியூரிலிருந்து வாக்கப்பட்டு வந்தவளின் பிள்ளைதான் வெடிக்கு அழும் என்பார்கள். நானும் அந்தப் பெருமையைச் சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தேன் அப்பா.

பிறகு மாமா வாசித்தார். மெதுவாக, விரல் நுனியால். தெருவில் விளையாடிய பிள்ளைகள் ஒவ்வொன்றாக வாசலில் வந்து நின்றன. வெடி போட்டபோது அவர்களும் திரும்பவில்லை, அது அவர்களுக்குப் பழகியது. கிட்டார் அந்தத் தெருவில் யாரும் கேட்காதது. எல்லாப் பிள்ளையும் வந்து நிற்கிறது, என் பிள்ளை மட்டும் அதே டம்ளரை உருட்டுகிறாள்.



தற்செயலாகத் திரும்பியபோதுதான் அவள் கிட்டாரைப் பார்த்தாள். தவழ்ந்து வந்து அதன் மரத்தில் கையை வைத்தாள். வைத்தவள் சிரித்தாள். மாமா நிறுத்தினால் கையை எடுக்கிறாள், வாசித்தால் மறுபடி வைக்கிறாள். வாசலில் நின்ற பிள்ளைகள் கைதட்டின. நான் அடுக்களைக்குப் போய் ஒரு தட்டை எடுத்துவந்து அவள் முதுகுக்குப் பின்னால் ஓங்கிப் போட்டேன். அவள் திரும்பவில்லை.

அதற்குப் பிறகு வீட்டில் நடந்ததை முழுதாக எழுத மனமில்லை. செல்வம் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். அத்தைதான், "வெடிக்கே அசையாத பிள்ளையக் கொண்டு போயி செவிடுன்னு எழுதி வாங்கிட்டு வரப் போறியா? படிச்சவளுக்குப் பாக்கறதெல்லாம் சீக்கு" என்றார். நாங்கள் மதுரைக்குக் கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னார்: "எங்க வம்சத்துல அப்பிடி யாரும் கெடையாது."

பிரஸ்ஸில் காலண்டர் சீசன், செல்வத்துக்கு லீவு இல்லை. மாமாதான் துணைக்கு வந்தார்.

காலையில் டாக்டரம்மா கேட்டார், குடும்பத்தில் வேறு யாருக்காவது காது கேட்காமல் இருந்ததா என்று. இல்லை என்றேன். கேள்வி முடியும் முன்பே சொல்லிவிட்டேன், அத்தை பக்கத்தில் நிற்பது போல.

வெளியே வந்து மாமாவிடம் சும்மா பேச்சுக்குச் சொன்னேன். அப்பாவுக்குக் காது கொஞ்சம் மந்தம்தான், ஆனால் அது பட்டாசுக் கம்பெனியில் போர்மேனாக இருந்ததால் வந்தது, அங்கே எல்லோருக்கும் அப்படித்தான் என்று.

 மாமா ஆதிரையின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். 

"உங்கப்பன் எப்பவும் தாடையக் கிட்டார் மேல அழுத்திக்கிட்டுத்தான் வாசிப்பான்மா. பெரிய ஸ்டைலுன்னு நெனச்சோம். ஊர்ல அம்புட்டுப் பயலும் அதப் பாத்துக் கழுத்த வளச்சுக்கிட்டுத் திரிஞ்சானுக. அப்ப அவன் கம்பெனி வாசலக்கூட மிதிச்சதில்ல."

அப்புறம் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டார். ஒருநாள் நீங்கள் ஒத்திகைக்கு வரவில்லையாம். மறுநாளும் வரவில்லையாம். வீட்டுக்கு வந்து கேட்டதற்கு, "வேலைக்குப் போறேன், தொப்பி போட்டு ஆடுறதுக்கு எனக்கு வயசாயிருச்சு" என்றீர்களாம். மாமா அதை இத்தனை காலமும் மனசில் வைத்திருந்திருக்கிறார். "எங்கிட்டச் சொல்லிருக்கலாம்லம்மா. நான் சத்தமாப் பாடிருப்பேன்."

உண்மையா அப்பா? அந்த ஒரு இழைப் பின்தங்கல், அழகு இல்லையா? மரத்தில் தாடையை வைத்து, மற்றவர்கள் வாயைப் பார்த்து, எட்டிப் பிடித்துக்கொண்டிருந்தீர்களா? பள்ளிக்கூடத்துக் கதையை நான் வளவளவென்று சொல்லும்போது என் முகத்தையே பார்த்துத் தலையாட்டுவீர்களே, அதில் எவ்வளவு உங்களுக்குக் கேட்டது? எப்போதிலிருந்து?

ஆதிரை தூங்கிவிட்டாள். கூப்பிடுகிறார்கள்.

*

இப்போது பேருந்தில் இருக்கிறேன், எழுத்து ஆடும்.

சோதனைக்கு முன் டாக்டரம்மாவிடம் காலையில் தவறாகச் சொல்லிவிட்டேன் என்றேன். "எங்கப்பாவுக்கு இருந்துச்சு. சின்ன வயசிலேயே." வாயிலிருந்து வெளியே வரும்வரை மலையாக இருந்தது. அவர் எழுதிக்கொண்டார், அவ்வளவுதான். வழிவழியாக வந்ததா என்று இன்னும் பார்க்க வேண்டுமாம், அவசரப்பட்டு முடிவுகட்டக் கூடாதாம்.

இரண்டு காதிலும் பெரிய குறை. முதலில் கருவி மாட்டிப் பார்ப்பார்கள். போதாவிட்டால் அறுவை சிகிச்சை பற்றிப் பேசுவார்கள். நல்லவேளை சீக்கிரம் வந்தீர்கள் என்றார். அந்தச் சொல்லைத்தான் பிடித்துக்கொண்டு வருகிறேன்.

திருமங்கலம் தாண்டும்போது செல்வம் போன் செய்தார். அழுதார். பிறகு அத்தையிடம் கொடுத்தார். நான் சுற்றி வளைக்கவில்லை. கேட்கவில்லை அத்தை, இரண்டு காதும், எங்கப்பா மாதிரியாக இருக்கலாம் என்றேன். எதிர்முனையில் மிக்ஸி ஓடுகிற சத்தம் மட்டும் வந்தது. யாரோ அதை நிறுத்தினார்கள். என்ன வரப்போகிறது என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

"பிள்ளை எதும் சாப்பிட்டாளா?" என்றார் அத்தை.

சாப்பிட்டாள் என்றேன். "சரி, வாங்க" என்று வைத்துவிட்டார். அதற்கு என்ன அர்த்தமென்று ஊர் போய்ச் சேர்ந்தால்தான் தெரியும். பயமாகத்தான் இருக்கிறது.

ஆனால் ஒன்று சொல்கிறேன் அப்பா. நீங்கள் தனியாகச் சமாளித்தது போல் அவளைச் சமாளிக்க விடமாட்டேன். தெருவில் யார் கேட்டாலும் சொல்வேன். அவள் தலைமுடியை இழுத்து அந்தக் கருவியை மூடமாட்டேன், அத்தை மூடினாலும் விலக்கிவிடுவேன். பெரியவளானதும் யாரிடமும் தலையாட்டி நடிக்காமல், கேக்கல, இன்னொரு தடவை சொல்லுங்க என்று கேட்கப் பழக்குவேன். இது சத்தியம்.

உங்கள் தாடையைக் கொண்டு பிறந்த மகள்,
ஆதிரையின் அம்மா