நான் அழித்த மங்கல் படங்கள்

அக்டோபர் 16, வியாழன்

ரஹ்மான் அங்கிளிடம் இன்னும் சொல்லவில்லை.

மதுரையில் முப்பது வருஷம் பத்திரிகை போட்டோகிராபராக இருந்தவர். இப்போது இங்கே அமெரிக்காவில், ஃப்ரீமான்ட்டில் மகன் வீட்டில் இருந்துகொண்டு தனக்காக மட்டும் படம் எடுக்கிறார். யூட்யூப் பார்த்து போட்டோ கற்ற நான்தான் அவருடைய முதல் ரசிகை! சனிக்கிழமை நூலகத்தில் அவருடைய முதல் கண்காட்சி. நேற்று மெமரி கார்டைக் கொடுத்து, "வேஸ்ட்ட தூக்கிட்டு மிச்சத்த பிரிண்டுக்கு அனுப்பும்மா" என்றார். மங்கலான நாற்பது படங்களைப் பெருமையாக அழித்தேன்.

சாயங்காலம் போன் செய்தார்.

"ட்ரெயின் படம் பாத்தியா? ஆளே தெரியாம கோடு கோடா ஓடுதே?"

"பாத்தேன் அங்கிள்."

"பேப்பர்ல இப்படி எடுத்திருந்தா எடிட்டர் என்னைய தொரத்தியிருப்பாரு. ஷார்ப்பா இருக்கறதத்தான் தூக்கச் சொன்னேன். அது பழைய கை. இதுதான்மா நான்."

"சரி அங்கிள்" என்று சொல்லிவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன்?

அழித்த படங்களை மீட்க மூன்று மணி நேரமாக ரெக்கவரி சாஃப்ட்வேர் ஓடுகிறது. முப்பத்தொரு படங்கள் முழுதாக வந்துவிட்டன. மற்ற ஒன்பதில் பாதிப் படம் வெறும் சாம்பல் நிறம். இதுவும் ஆர்ட் மாதிரிதானே இருக்கிறது, அப்படியே அனுப்பிவிடலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். படங்கள் போனதைவிட அப்படி யோசித்ததுதான் அதிகம் பயமுறுத்துகிறது.

விடியற்காலை ஃபஜர் தொழுகைக்கு அங்கிள் எழுந்துவிடுவார். தொழுது முடித்ததும் கூப்பிட்டுச் சொல்லவேண்டும். அதற்குள் நான் தூங்கிவிட்டால் தைரியம் போய்விடும்.